தாயைப் பழக்கினால் குட்டி தானே வரும்

பிறந்த முதல் மணி நேரத்திலேயே குதிரைக் குட்டியின் உடல் முழுவதையும் தடவி, அதை மனிதருக்குப் பழக்கிவிட வேண்டும் என்று ஒரு கட்டுரையில் படித்தேன்; அதை என்னால் ஏற்க முடியவில்லை. அந்த நேரம் தாய்க்கும் குட்டிக்கும் உரியது. ஏறத்தாழ ஒரு மணி நேரத்துக்குள் எழுந்து நின்று, இரண்டு மணி நேரத்துக்குள் மடியைத் தேடிச் சீம்பால் குடிக்க வேண்டிய குட்டியை நாம் பிடித்து வைத்திருக்கலாகாது. சீம்பாலிலுள்ள நோய் எதிர்ப்புப் பொருள்களைக் குடல் உறிஞ்சும் திறன் ஒரே நாளில் மறைந்துவிடுவதால், தவறவிட்டதைப் பின்னர் ஈடுசெய்வது எளிதன்று.

பிரான்சில் நடந்து 2005-இல் வெளியான ஓர் ஆய்வில், முதல் ஐந்து நாள்கள் குட்டியைத் தொடாமல் தாயை மட்டும் மென்மையாகத் தேய்த்துவிட்டு, கையால் தீனி கொடுத்தபோது, குட்டிகள் பின்னாளில் மனிதரை அச்சமின்றி நெருங்கின. எங்கள் வீட்டு லாயத்தில் நான் கண்டதும் இதுவே: தாயின் கழுத்தைத் தேய்த்துக்கொண்டிருந்தபோது, அதன் வயிற்றுக்குப் பின்னால் ஒளிந்திருந்த குட்டி நான்காம் நாள் மூக்கை நீட்டி என் சட்டை நுனியைச் சப்பியது. குளம்பைத் தூக்கிப் பழக்குவதையும் முகக்கயிறு மாட்டுவதையும் அதன் பிறகே தொடங்கினோம். ஒன்று மட்டும் வேண்டுகிறேன்: முகக்கயிற்றைப் பிடித்து இழுக்காதீர்கள், இளம் கழுத்து எளிதில் காயப்படும் என்பதால், பின்புறத்தைச் சுற்றி ஒரு மென்கயிறிட்டு முன்னே நடத்துங்கள்.