கடல்நீரும் பவளத்துண்டும் இருந்தால் அன்றே மீன் விடலாமா?

"20 லிட்டர் கண்ணாடித் தொட்டியில் ராமேசுவரம் கடல்நீரை ஊற்றி, கரையில் கிடக்கும் பவளத்துண்டுகளைப் போட்டால் அன்றே கோமாளி மீன் விடலாம். சிறிய தொட்டி என்பதால் பராமரிப்பும் எளிது" என்றொரு வாட்ஸ்அப் செய்தி சுற்றுகிறது. முழுக்கத் தவறு.

பவளப்பாறைகளை உருவாக்கும் கல் பவளங்கள் 2001 முதல் வன உயிரினப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் உள்ளன. புலிக்கு உள்ள அதே இடம். உயிருள்ளதோ இறந்ததோ, எடுத்து வருவது சிறைத் தண்டனைக்குரிய குற்றம். செயற்கைப் பாறையே போதும்.

அன்றே மீன் விடுவது கொடுமை. கழிவிலிருந்தும் மிஞ்சிய தீனியிலிருந்தும் மீனுக்கு நஞ்சான அமோனியா உண்டாகும். அதை நைட்ரைட்டாகவும், பிறகு தீங்கு குறைந்த நைட்ரேட்டாகவும் மாற்றும் பாக்டீரியாக்கள் பெருகப் பொதுவாக நான்கு முதல் ஆறு வாரம் ஆகும். அதற்கு முன் விடப்படும் மீன் செவுள் வெந்து, மேல்மட்டத்தில் வாய் பிளந்து சாகிறது. பார்க்கச் சகிக்காது.

சிறிய தொட்டிதான் உண்மையில் கடினம். நீர் ஆவியாகும், உப்பு ஆவியாகாது. கடல்நீரில் லிட்டருக்குச் சுமார் 35 கிராம் உப்பு. 20 லிட்டரில் ஒரு லிட்டர் வற்றினாலே அது ஏறத்தாழ 37 கிராமாகிவிடும். 200 லிட்டர் தொட்டியில் அதே இழப்பு தெரியவே தெரியாது. வற்றியதைத் தினமும் சுத்தமான நன்னீரால் ஈடுசெய்ய வேண்டும். கடல்நீரை ஊற்றினால் உப்பு மேலும் ஏறும்.

கோமாளி மீனுக்கு 20 லிட்டர் மிகக் குறுகிய இடம். பெரிய தொட்டி வைப்பவர்களும் மீன்குஞ்சு பொரிப்பகத்தில் வளர்ந்த மீனையே கேட்டு வாங்குங்கள். ராமேசுவரம் அருகே மண்டபம் என்ற ஊரில் உள்ள மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிலையக் கிளை அதை இனப்பெருக்கம் செய்து காட்டியிருக்கிறது.