அமெரிக்கால காலேஜ் டீம்ல ஆடுறவங்கள்ல ப்ரோ (சம்பளத்துக்கு ஆடுற தொழில்முறை ஆட்டக்காரர்) ஆகுறது 2% கூட இல்லங்க

மேல ஒருத்தர், அமெரிக்கால காலேஜ் டீம்ல ஆடுறவங்க பெரும்பாலும் ப்ரோ ஆயிடுவாங்க, பாதில விட்டவங்கதான் அடுத்து என்னன்னு குழம்புவாங்கன்னு போட்டிருக்காரு. அப்படி இல்லங்க. காலேஜ் ஸ்போர்ட்ஸ நடத்துற என்சிஏஏவே ப்ரோ போறது 2%க்கும் கம்மின்னுதான் சொல்லுது. கடைசி மேட்ச் முடிஞ்சு லாக்கர காலி பண்ணிட்டு, மறுநாள் விடியக்காலைல பழக்கதோஷத்துல முழிச்சு, போக ப்ராக்டிஸ் இல்லாம உக்காந்திருக்கறது கிட்டத்தட்ட எல்லாருக்கும் வர்றதுதான். நீங்களே கணக்கு போடலாம், காலேஜ் ஸ்போர்ட்ஸோட மேல்மட்டமான டிவிஷன் 1 ஆண்கள் பாஸ்கெட்பால்ல மட்டும் 350 டீமுக்கு மேல, ப்ரோ லீக்கான என்பிஏ புது ஆட்டக்காரங்கள எடுக்குற டிராஃப்ட்ல மொத்தமே 2 ரவுண்டு, சுமார் 60 பேர், அதுலயும் வெளிநாட்டு பசங்க கொஞ்சம் போயிடுவாங்க. சந்தேகம்னா ஏதாவது ஒரு டீமோட பழைய ரோஸ்டர (ஆட்டக்காரங்க லிஸ்ட்ட) எடுத்து டிராஃப்ட் லிஸ்டோட ஒப்பிட்டு பாருங்க, ரெண்டுமே நெட்ல ஃப்ரீயாவே கிடைக்குது.