பந்து இருக்கும் இடத்துக்கே போகும் விருது

போன வெள்ளிக்கிழமை இரவு மகனுடைய பள்ளி அமெரிக்க ஃபுட்பால் ஆட்டத்தில், ஒலிபெருக்கியில் அவனைப் பற்றி ஒரே ஒரு முறைதான் சொன்னார்கள். "ஹோல்டிங், 64-ஆம் எண், பத்து யார்டு பின்னால்." எதிராளியைக் கையால் பிடித்துக்கொண்டதற்கான அபராதம் அது. அவ்வளவுதான். இரண்டரை மணி நேரம் தன்னைவிடக் கனமான ஒரு பையனோடு முட்டிக்கொண்டே இருந்தான். அவர்கள் அணி போட்ட மூன்று டச்டவுனில் (எதிரணியின் எல்லைக்கோடு தாண்டிப் பந்தைக் கொண்டுபோவது) இரண்டு, அவன் திறந்துவிட்ட வழியில் போனவை. ஓடிய பையனின் பெயரை ஒலிபெருக்கி இழுத்து இழுத்துச் சொன்னது. அந்தப் பையனின் அம்மா எழுந்து நின்று குதித்தார். நானும் கைதட்டினேன், நன்றாகத்தான் ஓடினான். ஆனால் வீட்டுக்கு வரும் வழியில், முன்கைச் சிராய்ப்பில் ஐஸ் பையை வைத்துக்கொண்டே மகன் பின்சீட்டில் தூங்கிப்போயிருந்ததைக் கண்ணாடியில் பார்த்தபோது, பல வருஷமாக மனதில் கிடக்கும் ஒன்றை எழுதிவிட வேண்டும் என்று தோன்றியது.

ஹைஸ்மன் விருதைப் பற்றித்தான். அமெரிக்கக் கல்லூரி ஃபுட்பாலில் அதைவிடப் பெரிய தனிநபர் விருது கிடையாது. 1935-இலிருந்து கொடுக்கிறார்கள். ஒவ்வொரு டிசம்பரும் நியூயார்க்கில் விழா நடக்கும், நாடே டிவி முன்னால் உட்கார்ந்திருக்கும். அந்த வருஷத்தின் தலைசிறந்த கல்லூரி வீரர் இவர்தான் என்று அறிவிப்பார்கள். என் கருத்தை நேராகச் சொல்லிவிடுகிறேன். அந்த விருது தலைசிறந்த வீரரைத் தேடுவதே இல்லை. பந்தைக் கையில் வைத்திருப்பவர்களில், அதிகம் பேர் கண்ணில் பட்டவரைத் தேடுகிறது.

அந்தச் சிலையையே பாருங்கள். வெண்கலத்தில் ஒரு வீரன், இடது கையில் பந்தை இடுக்கிக்கொண்டு, வலது கையை நீட்டி எதிராளியைத் தள்ளியபடி ஓடுகிறான். தள்ளப்படுகிற எதிராளி சிலையில் கிடையாது. அவன் ஓட வழி திறந்தவனும் கிடையாது. யாருக்கான விருது என்பதைச் சிலை செய்தவரே சொல்லிவிட்ட மாதிரிதான் எனக்குப் படுகிறது.

ஆட்டம் பழக்கமில்லாதவர்களுக்காக ஒரு வார்த்தை. ஒரு பக்கம் பதினொரு பேர். பந்து வைத்திருக்கும் பக்கம் ஆஃபென்ஸ், தடுக்கும் பக்கம் டிஃபென்ஸ். ஆஃபென்ஸில் பந்தை எறிபவர் குவார்ட்டர்பேக், வாங்கிக்கொண்டு ஓடுபவர் ரன்னிங் பேக். இவர்களுக்கு முன்னால் சுவர் மாதிரி ஐந்து பேர் நிற்பார்கள்: நடுவில் சென்டர், இரண்டு பக்கமும் கார்டு, அதற்கு வெளியே டேக்கிள். இந்த வரிசைக்குத்தான் ஆஃபென்ஸிவ் லைன் என்று பெயர். இந்த ஐந்து பேரும் பந்தோடு ஓடவே மாட்டார்கள். நம் ஊர்த் தேரோட்டத்தில் சக்கரத்துக்குக் கீழே முட்டுக்கட்டை போடுகிறவர்களை நினைத்துக்கொள்ளுங்கள். தேர் திரும்புவதும் நிற்பதும் அவர்கள் கையில்தான் இருக்கிறது, ஆனால் எல்லாரும் அண்ணாந்து கலசத்தைத்தான் பார்த்துக்கொண்டிருப்பார்கள். சரி, இத்தனை வருஷத்தில் ஒரு கார்டுக்கோ, டேக்கிளுக்கோ, சென்டருக்கோ ஹைஸ்மன் கிடைத்திருக்கிறதா? ஒருவருக்குக்கூட இல்லை. டிஃபென்ஸ் மட்டுமே ஆடிய ஒருவருக்கும் கிடைத்ததில்லை. 2000 முதல் 2024 வரையிலான 25 விருதுகளில் 20 குவார்ட்டர்பேக்குகளுக்குப் போயிருக்கின்றன.

இந்த விஷயம் எனக்கு உறைத்தது 2009-இல். நாங்கள் நெப்ராஸ்காவின் லிங்கன் நகரத்துக்கு வந்து இரண்டு வருஷம் ஆகியிருந்தது. அந்த ஊரில் ஃபுட்பாலைத் தவிர்த்து வாழ முடியாது. அங்கே மெமோரியல் ஸ்டேடியத்தில் 1962-இலிருந்து ஒரு ஆட்டத்துக்குக்கூட டிக்கெட் மிஞ்சியதில்லை என்பார்கள். டிசம்பர் 5-ஆம் தேதி, நெப்ராஸ்கா பல்கலைக்கழகத்துக்கு டெக்சாஸ் அணியோடு, பிக் 12 என்ற கல்லூரி லீகின் இறுதி ஆட்டம். குளிரில் எங்கேயும் போகாமல் வீட்டிலேயே பார்த்தேன். ஆட்டத்தின் விதியெல்லாம் எனக்கு அப்போது அரைகுறையாகத்தான் தெரியும். ஆனால் நெப்ராஸ்காவின் 93-ஆம் எண்ணைப் பார்க்க விதி தெரிந்திருக்க வேண்டியதில்லை.

என்டாமுகான் சூ. டிஃபென்ஸிவ் டேக்கிள், அதாவது டிஃபென்ஸ் முன்வரிசையின் நடுவில் நிற்பவர். டெக்சாஸின் குவார்ட்டர்பேக் கோல்ட் மெக்காய் பந்தை வாங்கி நிமிர்வதற்குள் சூ அங்கே இருப்பார். இரண்டு பேர் சேர்ந்து தடுத்தாலும் அவர்களைத் தோளில் சுமந்துகொண்டே உள்ளே வருவார். ஒரு தடவை மெக்காயைப் பிடித்துச் சுழற்றி எறிந்தார் பாருங்கள், மூட்டையை லாரியிலிருந்து இறக்குகிற மாதிரி. குவார்ட்டர்பேக் பந்தை எறிவதற்கு முன்பே அவரை வீழ்த்துவதற்குச் சாக் என்று பெயர். சூ அன்று ஒரே ஆட்டத்தில் நாலரை சாக் (இருவர் சேர்ந்து வீழ்த்தினால் ஆளுக்கு அரை). பந்தோடு வந்தவரைப் பிடித்து வீழ்த்துவதற்கும் டேக்கிள் என்றுதான் பெயர், அது மொத்தம் 12. நெப்ராஸ்காவின் ஆஃபென்ஸ் ஒரு டச்டவுன்கூடப் போடவில்லை, கம்பங்களுக்கு நடுவே பந்தை உதைத்து மூன்று புள்ளி எடுக்கும் ஃபீல்டு கோல் நான்கு மட்டும்தான். அதை வைத்துக்கொண்டே, தோல்வியே காணாமல் வந்த டெக்சாஸை கடைசி நொடிவரை மிரட்டினார்கள். உண்மையிலேயே கடைசி நொடி. கடிகாரம் பூஜ்யத்தைத் தொட்டுவிட்டது, நான் எழுந்து கத்திவிட்டேன். நடுவர்கள் வீடியோவைப் பார்த்து ஒரு நொடியைத் திரும்பக் கொடுத்தார்கள். அந்த ஒரு நொடியில் 46 யார்டு உதை. 13-12, டெக்சாஸ் ஜெயித்தது. தெரு முழுக்க அப்படியொரு அமைதி.

அடுத்த சனிக்கிழமை ஹைஸ்மன். அலபாமாவின் மார்க் இங்ரம் முதலிடம், ஸ்டான்ஃபோர்டின் டோபி கெர்ஹார்ட் இரண்டாம் இடம், இருவருக்கும் இடையே வெறும் 28 புள்ளி. மூன்றாம் இடம் கோல்ட் மெக்காய். நான்காம் இடம் சூ. போன வாரம் யார் யாரை மைதானம் முழுக்கத் துரத்தி வீழ்த்தினார் என்பதை நாடே பார்த்தது. அப்புறமும் வீழ்ந்தவர் மேலே, வீழ்த்தியவர் கீழே! மெக்காய் நல்ல வீரர், அந்த நான்கு வருஷத்தில் அவர் சாதித்ததை நான் குறைத்துச் சொல்லவில்லை. ஆனால் அந்த வரிசைக்கு இன்றுவரை யாரும் எனக்கு நியாயம் சொன்னதில்லை. அதே வருஷம் அசோசியேட்டட் பிரஸ் தன் சிறந்த கல்லூரி வீரர் விருதை சூவுக்குத்தான் கொடுத்தது. அந்த விருதை வாங்கிய முதல் டிஃபென்ஸ் வீரர் அவர். ஆக, பார்க்கத் தெரிந்தவர்கள் இல்லாமல் இல்லை.

டிஃபென்ஸ் ஆட்களும் வாங்கியிருக்கிறார்களே என்று கேட்பீர்கள். இருவர். 1997-இல் மிச்சிகனின் சார்ல்ஸ் உட்சன், 2024-இல் கொலராடோவின் டிராவிஸ் ஹன்டர். இரண்டு பேருமே அபாரமான வீரர்கள். உட்சன் எப்படி வாங்கினார்? ஒஹையோ ஸ்டேட்டோடு நடந்த ஆட்டத்தில் எதிரணி உதைத்து அனுப்பிய பந்தைப் பிடித்து 78 யார்டு ஓடி டச்டவுன் போட்டார். ஹன்டர் ஒரே ஆட்டத்தில் டிஃபென்ஸும் ஆடுவார், பந்தையும் பிடிப்பார். அந்த சீசனில் 96 பாஸ் பிடித்தார், 15 டச்டவுன். பந்து கைக்கு வந்தபின்தான் அவர்களுடைய டிஃபென்ஸும் கண்ணுக்குத் தெரிந்திருக்கிறது. அதே 2024-இல் பாய்ஸி ஸ்டேட்டின் ஆஷ்டன் ஜென்டி சீசன் முழுவதும் சேர்த்து 2,601 யார்டு ஓடியும், விருதில் இரண்டாம் இடத்தோடு நின்றார். அதில் எனக்கு இரண்டு மனசு, விட்டுவிடுகிறேன்.

பந்து கையில் இருந்தும் ஏமாந்தவர்கள் உண்டு. 1956 மறக்கக் கூடாத வருஷம். நோட்ர டேம் பத்து ஆட்டத்தில் எட்டில் தோற்றது. அதன் குவார்ட்டர்பேக் பால் ஹார்னங் 3 டச்டவுன் பாஸ் போட்டார், அவர் எறிந்த பந்து 13 முறை எதிரணி கையில் விழுந்தது. விருது அவருக்கு. அவர் ஓடினார், உதைத்தார், டிஃபென்ஸும் ஆடினார் என்பதெல்லாம் உண்மைதான். ஆனால் அதே வருஷம் சிரக்யூஸில் ஜிம் பிரவுன் இருந்தார். கோல்கேட்டுக்கு எதிராக ஒரே ஆட்டத்தில் 43 புள்ளி எடுத்தவர். ஃபுட்பால் கண்ட மிகச் சிறந்த ரன்னிங் பேக் அவர்தான் என்று இன்றும் பலர் சொல்வார்கள். அவருக்குக் கிடைத்தது ஐந்தாம் இடம். அதுவரை ஒரு கறுப்பின வீரருக்கும் ஹைஸ்மன் கொடுக்கப்பட்டதில்லை. அதே கல்லூரியில், அதே 44-ஆம் எண் சட்டையில் ஆடிய எர்னி டேவிஸுக்கு 1961-இல் கொடுக்கும்வரை அந்தக் கதவு திறக்கவில்லை. 1956-இல் ஹார்னங்குக்கு விழுந்தது நோட்ர டேமின் புகழுக்கான ஓட்டு மட்டும்தான் என்று சொன்னால் பாதி உண்மையைத்தான் சொல்கிறோம்.

விளம்பரமும் இதில் கலந்தே வருகிறது. 1970-இல் நோட்ர டேமில் ஜோ தீஸ்மன் என்ற பெயரை, ஹைஸ்மனோடு எதுகை சேரட்டும் என்று தைஸ்மன் என உச்சரிக்க வைத்தார்கள். 2001-இல் ஓரிகன் பல்கலைக்கழகம் தன் குவார்ட்டர்பேக்குக்காக நியூயார்க் நகரத்தின் நடுவே பத்து மாடி உயர விளம்பரப் பலகை வைத்தது, செலவு 2,50,000 டாலர். இருவரும் ஜெயிக்கவில்லை, தைஸ்மனுக்கு இரண்டாம் இடம், ஓரிகன் வீரருக்கு நான்காம் இடம். ஆனால் எந்தக் கல்லூரியாவது ஒரு கார்டுக்காகப் பத்து மாடிப் பலகை வைக்குமா?

ஓட்டுப் போடுவது யார் என்பதையும் பார்க்க வேண்டும். நாட்டை ஆறு மண்டலமாகப் பிரித்து, மண்டலத்துக்கு 145 பேர் என மொத்தம் 870 ஊடகக்காரர்கள். அவர்களோடு முன்னால் இந்த விருதை வாங்கியவர்களுக்கும் ஓட்டு உண்டு. முன்னால் வாங்கியவர்கள் யார்? பெரும்பாலும் பந்து கையில் இருந்தவர்கள். மேற்குக் கடற்கரைக்கு ஒரே மண்டலம். அங்கே இரவு ஏழரைக்கு ஆரம்பிக்கும் ஆட்டம் நியூயார்க்கில் பத்தரைக்கு ஆரம்பிக்கும். காலையிலிருந்து ஆட்டம் பார்த்து எழுதிக் களைத்தவர் எத்தனை பேர் நள்ளிரவு ஒன்றரை மணி வரை விழித்திருப்பார்கள்? 2015-இல் அந்தக் கடற்கரையின் ஸ்டான்ஃபோர்டில் ஆடிய கிறிஸ்டியன் மெக்காஃப்ரி ஓடியும் பிடித்தும் உதையைத் திருப்பியும் மொத்தம் 3,496 யார்டு சேர்த்து, பாரி சாண்டர்ஸ் 1988-இல் வைத்த 3,250 என்ற சாதனையை டிசம்பர் முதல் வாரத்திலேயே உடைத்துவிட்டார். விருது அலபாமாவின் டெரிக் ஹென்றிக்குப் போனது.

இன்னொன்று, தேதி. டிசம்பர் தொடக்கத்தில் ஓட்டை வாங்கிவிடுகிறார்கள், பெரிய ஆட்டங்கள் அதற்குப் பிறகுதான். 2005-இல் யூஎஸ்சி (தெற்குக் கலிபோர்னியா) அணியின் ரெஜி புஷ் ஜெயித்தார், டெக்சாஸின் வின்ஸ் யங் இரண்டாம் இடம். ஒரு மாதம் கழித்து, 2006 ஜனவரி 4 அன்று, சாம்பியனை முடிவுசெய்யும் ரோஸ் போல் ஆட்டத்தில் இருவரும் நேருக்கு நேர். யங் ஓடியே 200 யார்டு, எறிந்து 267. 19 நொடி மிச்சம் இருக்கும்போது, நான்காவதும் கடைசியுமான முயற்சியில், எட்டு யார்டு ஓடி மூலையில் நுழைந்தார். 41-38, டெக்சாஸ் ஜெயித்தது. அந்த ராத்திரி முடிந்தபின் ஓட்டுப் போடச் சொல்லியிருந்தால் முடிவு மாறியிருக்கும் என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை.

லைன்மேனுக்கென்று தனி விருதுகள் இருக்கின்றனவே என்று ஒரு நண்பர் சொன்னார். இருக்கின்றன. 1946-இலிருந்து அவுட்லேண்ட் விருது, 2015-இலிருந்து ஜோ மூர் விருது. எனக்கு மிகவும் பிடித்தது ஜோ மூர்தான், ஏனென்றால் அதை ஒரு ஆளுக்குக் கொடுக்காமல் ஆஃபென்ஸிவ் லைன் முழுவதற்கும் கொடுக்கிறார்கள். கொடுப்பவர்களும் அந்த இடத்தில் ஆடியவர்கள், பயிற்சி கொடுத்தவர்கள். ஆட்டப் பதிவை ஓட்டி ஓட்டிப் பார்த்துத்தான் முடிவெடுப்பார்கள். லைனில் ஆடுபவனைப் பார்க்க வேறு வழியும் இல்லை. என் மகனுடைய பயிற்சியாளர் திங்கட்கிழமை வெள்ளிக்கிழமை ஆட்டத்தைத் திரையில் போட்டு, "ஓடுகிறவனை விடுங்கள், 64-இன் இடது காலைப் பாருங்கள்" என்று மூன்று முறை ஓட்டிக் காட்டினாராம். வீட்டுக்கு வந்து அதை மட்டும்தான் சொன்னான். நானும் அந்தப் பதிவைக் கேட்டு வாங்கிப் பார்த்தேன். இடது கால் அரையடி வெளியே போகிறது, இடுப்பு திரும்புகிறது, எதிரே இருந்தவன் வழியிலிருந்து விலகுகிறான். பந்தைப் பார்த்துக்கொண்டிருந்த நான் மைதானத்தில் இதைக் கவனிக்கவே இல்லை, அவன் அப்பாவாக இருந்தும்.

குவார்ட்டர்பேக்குக்குக் கொடுப்பதே தவறு என்று நான் சொல்லவில்லை. 2019-இல் எல்எஸ்யூ (லூசியானா ஸ்டேட்) குவார்ட்டர்பேக் ஜோ பர்ரோ 60 டச்டவுன் பாஸ் போட்டார், அணி 15 ஆட்டத்திலும் ஜெயித்தது. அவருக்குக் கொடுத்ததில் எனக்கு எந்தக் குறையும் இல்லை. மேடையில் அவர் தன் ஆஃபென்ஸிவ் லைன் ஆட்களுக்கு நன்றி சொன்னார். அந்த வருஷ ஜோ மூர் விருதும் அந்த லைனுக்குத்தான் போனது. 1973-இல் ஒஹையோ ஸ்டேட்டின் டேக்கிள் ஜான் ஹிக்ஸ் இரண்டாம் இடம் வரை வந்தார். அவருக்குப் பின்னால் ஓடிய ஆர்ச்சி கிரிஃபினுக்கு அந்த வருஷம் ஐந்தாம் இடம். இரண்டு முறை ஹைஸ்மன் வாங்கிய ஒரே ஆள் அந்தக் கிரிஃபின்தான். ஓடுகிறவரைவிட வழி திறப்பவரை மேலே வைக்க அன்றைக்கே ஓட்டாளர்களால் முடிந்திருக்கிறது. இன்றைக்கு ஒவ்வொரு ஆட்டமும் பல கேமராவில் பதிவாகிறது, வீட்டில் உட்கார்ந்தே ஓட்டிப் பார்க்கலாம். இப்போது முடியாது என்று சொன்னால் நான் ஒத்துக்கொள்ள மாட்டேன்.

செய்ய வேண்டியது ஒன்றும் கஷ்டமில்லை. ஒவ்வொருவரும் ஓட்டுச்சீட்டில் மூன்று பெயர் எழுதுகிறார்கள், முதல் பெயருக்கு 3 புள்ளி, அடுத்ததற்கு 2, கடைசிக்கு 1. அந்த மூன்றில் ஒன்றாவது லைனிலோ டிஃபென்ஸிலோ ஆடுபவராக இருக்க வேண்டும் என்று ஒரு வரி சேர்க்கட்டும். அப்போதாவது 870 பேரும் தேடிப் பார்ப்பார்கள். ஓட்டுப் போடுகிறவர்களில் லைனில் ஆடி ஓய்வு பெற்றவர்களையும் சேர்க்கட்டும். ஓட்டை ஜனவரியில், சாம்பியன் யார் என்று தெரிந்தபின் வாங்கட்டும். எண்பது வருஷத்துக்கு மேலாக டிசம்பரில் கொடுத்து வருகிறோம் என்பார்கள். ஒரு மாதம் தள்ளிக் கொடுத்தால் அந்தச் சிலை கறுத்துப்போய்விடாது.