கரையிறங்கினால் குழாயடிதான்

நீண்ட படகுப் பயணத்தில் கரைக்கு வருவதே எப்போதோ ஒரு நாள். அந்த நாளையும் தண்ணீர் பிடிப்பதே தின்றுவிடுகிறது. துறையில் குழாய் இருக்கும், மரை பொருந்தாது. முக்கால் அங்குல ஹோஸோடு போனால் அங்கே அரை அங்குலம். இரண்டுக்கும் அடாப்டர், மரையே இல்லாத குழாய்க்கு ரப்பர் முனையும் கிளிப்பும், நாலைந்து வாஷர். இவை பையில் இல்லையென்றால் 20 லிட்டர் கேன்தான் கதி. படகின் 200 லிட்டர் தொட்டிக்குப் பத்து நடை, அதுவும் கடல்நீர் இறங்கிய வற்றத்தில் பாசி வழுக்கும் ஏணியில்!

துறையில் வெயிலில் கிடக்கிற பொது ஹோஸைத் தயவுசெய்து தொட்டிக்குள் விடாதீர்கள். அதன் வாயை யார் எதைக் கழுவ எடுத்தார்களோ. சொந்த ஹோஸ்தான் நல்லது. அதிலும் சூடாக வரும் பழைய நீர் போய்க் குளிர்ந்த நீர் வரும்வரை ஓடவிட்டு, ஒரு டம்ளர் பிடித்து முகர்ந்து பாருங்கள். தெளிவாக இருந்தும் சந்தேகம் தீரவில்லையா? வாசனை சேர்க்காத ப்ளீச் திரவம் (5–6% சோடியம் ஹைப்போகுளோரைட்), லிட்டருக்கு 2 சொட்டு, 30 நிமிடம் பொறுக்க வேண்டும்.

தொட்டியின் காற்றுக்குழாய் அடைத்திருந்தால் பாதியிலேயே நீர் எதிர்த்து வழியும். நிறைந்துவிட்டதென்று மூடிவிட்டு, நடுக்கடலில் தவிப்பார்கள்.

இதெல்லாம் முடிவதற்குள் ஊரில் கடை சாத்திவிடுகிறார்கள். குழாய்மேல் மரை அளவை எழுதி வைக்கக்கூடவா துறைக்காரர்களுக்கு முடியாது?