டால்டாவைத் திட்டினோம், சரி. எதற்குத் திட்டினோம்?

டால்டா என்றாலே நம்மவர்களுக்கு ஒரு இளக்காரம். "நெய்யா, டால்டாவா?" என்று ஸ்வீட் கடையில் சந்தேகத்தோடு கேட்போம். எனக்கும் அதன் மேல் கோபம் உண்டு, ஆனால் போலி நெய் என்பதற்காக அல்ல. மஞ்சள் டின்னில் தன் பெயரைப் பெரிதாகப் போட்டு விற்ற சரக்கு அது. அதை வாங்கி நெய்யில் கலந்து, நெய் விலைக்குத் தள்ளிவிட்டவர்கள் வேறு ஆட்கள்.

திரவ எண்ணெயைச் சூடாக்கி, நிக்கல் வினையூக்கி சேர்த்து, ஹைட்ரஜன் வாயுவைச் செலுத்தினால் அது இறுகிவிடும். இந்த முறைக்கு ஜெர்மானிய வேதியியலாளர் வில்ஹெல்ம் நார்மன் 1902-ல் காப்புரிமை பெற்றார். 1911-ல் அமெரிக்காவில் பருத்திக்கொட்டை எண்ணெயிலிருந்து கிரிஸ்கோ என்ற சமையல் கொழுப்பு வந்தது. அங்கே அது பன்றிக் கொழுப்பின் இடத்தைப் பிடிக்கப் பார்த்தது. இங்கே போட்டியோ நெய்யோடு! அதனால்தான் 1937-ல் லீவர் நிறுவனம் டால்டாவைக் கொண்டுவந்தபோது பாதி வேலை தொழிற்சாலையிலும் பாதி வேலை தெருவிலும் நடந்தது. இப்படி இறுக வைத்த தாவர எண்ணெய்க்கு வனஸ்பதி என்று பெயர்; அதை மெல்ல ஆறவிட்டு, நெய் மாதிரியே மணல் மணலாக உறைய வைத்தார்கள். லிண்டாஸ் விளம்பரக்காரர்கள் டின் வடிவத்திலேயே வண்டி செய்து ஊர் ஊராக ஓட்டினார்கள், தியேட்டரில் படம் காட்டினார்கள், கண் முன்னாலேயே பலகாரம் சுட்டுக் கொடுத்தார்கள். நெய் வாங்க வசதியில்லாத வீட்டிலும் விசேஷத்துக்குப் பலகாரம் மணத்தது என்றால் அதில் இந்த டின்னுக்குப் பங்கு உண்டு. அந்த வீடுகளைக் கிண்டல் செய்ய எனக்கு மனம் வராது.

எதிர்ப்பும் சும்மா இல்லை. காந்தி வனஸ்பதியைக் கடுமையாக எதிர்த்தார். சுதந்திரத்துக்குப் பிறகு, தடை செய் என்று நாடாளுமன்றம் வரை குரல் போனது. நிறம் சேர்த்துவிட்டால் நெய்யில் கலக்க முடியாதே என்று யோசித்தார்கள், அது கைகூடவில்லை. கடைசியில் பிடித்த வழி எனக்கு மிகவும் பிடித்தது: வனஸ்பதியில் குறைந்தது 5% நல்லெண்ணெய் சேர்த்தே ஆக வேண்டும் என்று விதி. ஏன் நல்லெண்ணெய்? அதிலுள்ள ஒரு பொருள், ஹைட்ரோகுளோரிக் அமிலமும் ஃபர்ஃபியூராலும் பட்டால் சிவந்துவிடும். நெய்யில் வனஸ்பதி கலந்திருந்தால் சோதனைக் குழாயே காட்டிக்கொடுத்துவிடும்.

என் கோபம் இங்கேதான். கலப்படத்தைப் பிடிக்க இவ்வளவு மூளையைச் செலவழித்த நாம், டின்னுக்குள் இருப்பது உடம்பை என்ன செய்யும் என்பதற்கு அதில் பாதியாவது செலவழித்தோமா? எண்ணெயை அரைகுறையாக இறுக வைக்கும்போது டிரான்ஸ் கொழுப்பு உருவாகிறது. அது கெட்ட கொலஸ்ட்ராலை ஏற்றி, நல்லதைக் குறைக்கிறது என்று நெதர்லாந்து ஆய்வாளர்கள் 1990-லேயே காட்டிவிட்டார்கள். எண்ணெய், கொழுப்பில் டிரான்ஸ் கொழுப்பு 2 சதவீதத்தைத் தாண்டக் கூடாது என்று டென்மார்க் 2003-ல் உச்சவரம்பு வைத்தது. அதே 2% இந்தியாவுக்கு வந்தது 2022-ல். நடுவில் எத்தனை வருஷம், எத்தனை பஃப்ஸ்!

இதற்கிடையே 1983-ல் வனஸ்பதியில் மாட்டுக் கொழுப்பு கலந்ததாகப் பெரும் புயலே அடித்தது. அப்போதும் கேள்வி அதேதான்: இது சுத்தமா, கலப்படமா? இதயம் பற்றி யாரும் வாயே திறக்கவில்லை.

இப்போது பாக்கெட்டில் 'டிரான்ஸ் கொழுப்பு இல்லை' என்று கொட்டை எழுத்தில் போடுகிறார்கள். நல்லதுதான். ஆனால் அறை வெப்பத்தில் கொழுப்பு கட்டியாக நிற்க வேண்டுமே, அதற்குப் பல இடங்களில் பாமாயிலின் கெட்டிப் பகுதி வந்து உட்கார்ந்திருக்கிறது. அதில் நிறைவுற்ற கொழுப்பு அதிகம். அந்த எண் பாக்கெட்டின் பின்பக்கம், பொடி எழுத்தில் இருக்கும்.