ரெமிங்டன் 700ஆ, வின்செஸ்டர் 70ஆ? தம்பி கேட்ட கேள்விக்கு என் பதில்

போன சனிக்கிழமை மதியம் பிட்ஸ்பர்க்கிலிருந்து ஒரு தம்பி போன் செய்தான். வேட்டைப் பாதுகாப்பு வகுப்பு முடித்து உரிமமும் வாங்கிவிட்டான். பழைய துப்பாக்கிகள் விற்கும் கடையின் வாசலில் நின்றுகொண்டு பேசினான். "அண்ணா, ரெண்டு இருக்கு. ஒண்ணு ரெமிங்டன் 700, இன்னொண்ணு வின்செஸ்டர் மாடல் 70. ரெண்டுமே நல்லதுன்னு கடைக்காரர் சொல்றார். எதை எடுக்கட்டும்?"

போனில் அவசரமாகச் சொன்னதை இங்கே நிதானமாக எழுதுகிறேன். பென்சில்வேனியாவில் மான் வேட்டைக்கு அரைத் தானியங்கி ரைஃபிள் (சுட்டதும் தானே அடுத்த தோட்டாவை ஏற்றிக்கொள்ளும் வகை) கூடாது. அதனால் இங்கே புதிதாக வேட்டைக்குப் போகிறவர்கள் பெரும்பாலும் போல்ட் ஆக்‌ஷன் ரைஃபிளில்தான் வந்து நிற்கிறார்கள். போல்ட் என்ற இரும்புத் தண்டைக் கையால் இழுத்துத் தள்ளி ஒவ்வொரு தோட்டாவாக ஏற்றும் வகை அது. பழைய கடைகளின் அடுக்குகளில் இந்த இரண்டும் அருகருகே இருப்பதை நிறையப் பார்த்திருக்கிறேன்.

தம்பி பார்த்த 700, 1970களில் செய்த பி.டி.எல். என்ற வகை, .30-06 அளவுத் தோட்டாவுக்கானது. மாடல் 70, 1990களில் நியூ ஹேவன் ஆலையில் செய்த கிளாசிக் ஃபெதர்வெயிட் என்ற வகை, .270 அளவுத் தோட்டாவுக்கானது. இந்த ஆண்டுக் கணக்குகள் முக்கியம். ஏன் என்று பிறகு சொல்கிறேன்.

"எது துல்லியமாகச் சுடும்?" என்பதுதான் அவனுடைய முதல் கேள்வி. எல்லோரும் முதலில் அதைத்தான் கேட்கிறார்கள். நம் காடுகளில் மான் நிற்பது 50, 80, மிஞ்சிப்போனால் 150 கஜத்தில். அந்தத் தூரத்துக்கு இரண்டில் எதை எடுத்தாலும் போதும். 700இன் துல்லியத்தில் யாருக்கும் சந்தேகம் வேண்டாம். அமெரிக்க மரைன் படையின் எம்40, ராணுவத்தின் எம்24 என்ற குறிபார்த்துச் சுடும் துப்பாக்கிகள் இரண்டுமே அதன் அமைப்பிலிருந்து வந்தவை. போல்ட் ஓடும் ரிசீவர் என்ற அதன் உடற்பகுதி உருண்டை எஃகிலிருந்து கடைந்து எடுக்கப்படுவதால், தோளில் வைக்கும் கட்டையில் அதை ஒழுங்காகப் பொருத்துவதும் சுலபம். 1962இல் வந்து 50 லட்சத்துக்கும் மேல் விற்ற துப்பாக்கி சும்மா விற்றிருக்காது.

ஆனால் ஒரு கணக்குப் போட்டுப் பாருங்கள். ஒரு பருவம் முழுக்க நான் சுடுவது ஒரு முறை, சில வருடங்களில் அதுவும் கிடையாது. தோட்டா போடுவதும் எடுப்பதுமோ ஒரு நாளைக்கு இரண்டு மூன்று தடவை. விடியலில் காட்டுக்குள் போனதும் போட வேண்டும். மதியம் வண்டிக்குத் திரும்பினால் எடுக்க வேண்டும், ஏனென்றால் தோட்டா போட்ட துப்பாக்கியை வண்டியில் வைப்பது இங்கே சட்டப்படி தவறு. மரத்தில் கட்டிய பரணில் ஏறும்போதும் இறங்கும்போதும் காலியாக இருக்க வேண்டும். சாயங்காலம் இருட்டும் நேரத்தில், விரல் மரத்துப்போய், பசியோடு மறுபடியும் எடுக்க வேண்டும். அந்த நேரத்தில் துப்பாக்கி எப்படி நடந்துகொள்ளும் என்பதை வைத்துத்தான் நான் தேர்ந்தெடுப்பேன்.

மாடல் 70இன் சேஃப்டி, அதாவது தவறி வெடிக்காமல் தடுக்கும் நெம்பு, போல்ட்டின் பின்முனையில் இருக்கிறது. அதற்கு மூன்று நிலை. முன்னால் தள்ளினால் சுடலாம். முழுக்கப் பின்னால் இழுத்தால், தோட்டாவைக் குத்தி வெடிக்கவைக்கும் ஃபயரிங் பின் பூட்டிக்கொள்ளும், போல்ட்டும் திறக்காது. நடு நிலையில் வைத்தால் ஃபயரிங் பின் பூட்டியே இருக்கும், போல்ட் மட்டும் திறக்கும். அதாவது பின்னைப் பூட்டி வைத்தபடியே சுடுவதற்காகத் தோட்டா உட்காரும் அறைக்குள் இருப்பதை வெளியே எடுக்கலாம். இங்கே பூட்டப்படுவது விரலால் இழுக்கும் விசை அல்ல, தோட்டாவைக் குத்தும் அந்தப் பின்னேதான். விசைக்குள் என்ன கோளாறு இருந்தாலும், சேஃப்டி போட்டிருக்கும் வரை பின் நகராது.

700இல் சேஃப்டி விசைப் பெட்டியோடு சேர்ந்தது. பின்னைத் தாங்கிப் பிடிக்கும் துண்டை அது தூக்கி வைத்திருக்கும், அவ்வளவுதான். 1982க்கு முன் செய்த 700களில் சேஃப்டி போட்டால் போல்ட்டும் பூட்டிக்கொள்ளும். அறையில் இருக்கும் தோட்டாவை எடுக்க வேண்டுமானால் முதலில் சேஃப்டியைச் சுடும் நிலைக்குத் தள்ளியாக வேண்டும். தம்பி கையில் எடுத்துப் பார்த்தது அப்படிப்பட்ட ஒன்றுதான். துப்பாக்கியைக் காலி செய்வதற்காக அதைச் சுடத் தயாராக்குவது என்ன முறை? எனக்கு இது எந்த நாளும் ஏற்றுக்கொள்ள முடியாத விஷயம்.

அந்தக் கால 700இன் விசைக்குள் கனெக்டர் என்று ஒரு சிறு துண்டு உண்டு. அது விசையோடு நிலையாக இணைந்ததல்ல, ஸ்பிரிங் அழுத்தத்தில் ஒட்டி நிற்பது. இடையில் தூசியோ கெட்டிப்பட்ட எண்ணெயோ புகுந்து அது சரியான இடத்துக்குத் திரும்பாவிட்டால், சேஃப்டியைத் தள்ளும்போது விசையைத் தொடாமலே வெடிக்கலாம் என்பது வழக்குகளில் வந்த குற்றச்சாட்டு. மாண்டனாவில் 2000இல் வேட்டை முடிந்து துப்பாக்கியைக் காலி செய்ய ஒரு தாய் சேஃப்டியைத் தள்ளினார். துப்பாக்கி வெடித்தது. அவருடைய ஒன்பது வயது மகன் இறந்துபோனான். விசையின் வடிவமைப்பில் குறை இல்லை என்றே ரெமிங்டன் நிறுவனம் கடைசி வரை சொல்லிவந்தது. அப்புறம் கூட்டு வழக்கொன்றில் சமரசமாகி, லட்சக்கணக்கான துப்பாக்கிகளுக்கு விசையை மாற்றித்தர ஒப்புக்கொண்டது. இது போக 2014இல், 2006 மே முதல் 2014 ஏப்ரல் வரை 700இல் வந்த எக்ஸ்-மார்க் ப்ரோ என்ற வேறு வகை விசைகளை, உள்ளே ஒட்டும் பசை அதிகமாகிவிட்டதென்று நிறுவனமே திரும்பப் பெற்றது.

இதைச் சொன்னால் 700 வைத்திருக்கும் நண்பர்களுக்குக் கோபம் வருகிறது. "நாற்பது வருஷமா வெச்சிருக்கேன், ஒண்ணும் ஆகலையே" என்கிறார்கள். உண்மைதான், பெரும்பாலானவர்களுக்கு ஒன்றும் ஆகவில்லை. குழலை எப்போதும் பாதுகாப்பான பக்கம் வைத்திருப்பதுதான் முதல் விதி என்பதும் உண்மை. ஆனால் மனிதன் தவறும்போது தாங்கிப் பிடிக்கத்தானே சேஃப்டி என்று ஒன்று வைத்தார்கள்?

தோட்டா உள்ளே போகும் விதத்திலும் வேறுபாடு இருக்கிறது. மாடல் 70இல் நகம் மாதிரி ஒரு நீளக் கொக்கி இருக்கும். பழைய மௌசர் துப்பாக்கியின் வழியில் வந்தது அது. துப்பாக்கியின் தோட்டாப் பெட்டியிலிருந்து தோட்டா எழும்பும்போதே அதன் அடி விளிம்பு கொக்கிக்குள் நுழைந்துகொள்ளும். பாதியில் நிறுத்திப் பின்னால் இழுத்தாலும் தோட்டா கூடவே வந்துவிடும். 700இல் போல்ட் தோட்டாவை முன்னால் தள்ளிக்கொண்டே போய், கடைசியில்தான் பிடித்துக்கொள்ளும். பதற்றத்தில் பாதியில் இழுத்துவிட்டு மறுபடி தள்ளினால், முதல் தோட்டாவின் முதுகில் இரண்டாவது போய் முட்டி நிற்கும். என் முதல் பருவத்தில் ஒரு நண்பரின் 700ஐ இரவல் வாங்கிப் போயிருந்தபோது நானே அப்படிச் செய்திருக்கிறேன். அது துப்பாக்கியின் தவறல்ல, என் கைப்பழக்கம் போதவில்லை. மான் போய்விட்டது.

இங்கே ஓர் எச்சரிக்கை. மாடல் 70 என்று எழுதியிருந்தாலே அந்தக் கொக்கி இருக்கும் என்று நம்பி வாங்கக் கூடாது. 1936இல் வந்த அந்த அமைப்பை, செலவைக் குறைக்க 1964இல் எடுத்துவிட்டார்கள். அதனால்தான் 64க்கு முந்தையவற்றுக்கு இன்றும் தனி விலை. 1990களில் கிளாசிக் என்ற பெயரோடு கொக்கி திரும்ப வந்தது. கடையில் போல்ட்டைக் கழற்றிக் கண்ணால் பார்த்துவிடுங்கள். அதன் வலப்பக்கத்தில் நீளமாக ஒரு பட்டை ஓடினால் சரி.

தோட்டாவைப் பற்றி அதிகம் கவலைப்பட ஒன்றுமில்லை. .30-06இன் குடும்பத்தில் 1925இல் வந்ததுதான் .270. வெள்ளைவால் மானுக்கு இரண்டுமே தாராளம். .270இல் உதை கொஞ்சம் குறைவு, புதியவருக்கு அது நல்லது. ஒன்று மட்டும் வற்புறுத்திச் சொல்வேன்: வீட்டில் குழந்தைகள் அந்த இறைச்சியைச் சாப்பிடப் போகிறார்கள் என்றால் ஈயம் வேண்டாம், செம்புக் குண்டு வாங்குங்கள். ஈயக் குண்டு உள்ளே நொறுங்கி, கண்ணுக்குத் தெரியாத துகள்களாகக் காயத்தைத் தாண்டியும் பரவும்.

அப்புறம் கட்டையின் நீளம். இரண்டுமே ஏறக்குறைய 13.5 அங்குலம்தான். கடைக்குள் டி-ஷர்ட்டோடு தோளில் வைத்துப் பார்த்தால் எல்லாமே பொருந்தும். தடித்த குளிர்ச்சட்டையும் அதன் மேல் ஆரஞ்சு மேலங்கியும் போட்டுக்கொண்டு வைத்துப் பாருங்கள். கை நீளம் குறைவான நம்மில் பலருக்குக் கட்டை அக்குளில் மாட்டும். ஓர் அரை அங்குலம் வெட்டிவிட்டால் சரியாகிவிடும். வெட்டித்தர ஆள் கிடைப்பார்கள்.

மாடல் 70க்கு 700ஐவிட 180 டாலர் கூடுதலாகக் கேட்டார்களாம். தம்பி அங்கேதான் தயங்கினான். 700ஐ எடுத்தாலும் அந்த வருடத்து விசையை வைத்துக்கொண்டு உன்னைக் காட்டுக்கு அனுப்ப மாட்டேன், வேறு நல்ல விசை வாங்கி மாற்றக் கிட்டத்தட்ட அதே பணம் ஆகும் என்றேன். அப்படி மாற்றினாலும் ஃபயரிங் பின்னையே பூட்டும் சேஃப்டி கிடைக்காது என்றும் சொன்னேன்.

அன்று சாயங்காலமே படம் அனுப்பியிருந்தான். வால்நட் கட்டையில் சின்னச் சின்னக் கீறல்கள், போல்ட் பளபளவென்று, கொக்கி இருக்க வேண்டிய இடத்தில் இருந்தது. பருவம் நன்றி தெரிவிக்கும் நாளுக்கு அடுத்த சனிக்கிழமை தொடங்குகிறது. அதற்குள் தினமும் ராத்திரி பத்து நிமிடம், வெடிக்காத பயிற்சித் தோட்டாக்களைப் போட்டு எடுத்து, சேஃப்டியை நடு நிலைக்குக் கொண்டுவந்து காலி செய்து பழகச் சொல்லியிருக்கிறேன். முதலில் விளக்கைப் போட்டுக்கொண்டு. கை பழகிய பிறகு கையுறை மாட்டிக்கொண்டு, விளக்கை அணைத்துவிட்டு.