பில் வால்ஷை 25 பிளேவுக்குள் அடக்காதீர்கள்

அமெரிக்கன் ஃபுட்பால் கோச் பில் வால்ஷ் என்றாலே, மேட்சுக்கு முன்பே முதல் 25 பிளேக்களை, அதாவது பந்தை நகர்த்தும் ஒவ்வொரு முயற்சிக்குமான திட்டத்தை, எழுதி வைத்தவர் என்ற கதைதான். எழுதினார், சரி. ஆனால் அவர் ஜெயித்தது அந்தத் தாளால் அல்ல. சங்கதி, பந்தை எறியும் குவார்ட்டர்பேக்கின் காலடியில் இருக்கிறது.

1969-ல் சின்சினாட்டி பெங்கால்ஸில் பால் பிரவுனுக்குக் கீழே உதவிக் கோச்சாக இருந்தார். அணியில் கிரெக் குக் என்ற இளைஞர், நெடுந்தூரம் எறிபவர். முதல் சீசனிலேயே தோள் போயிற்று. அடுத்து வந்த வெர்ஜில் கார்ட்டருக்குக் குறி தப்பாது, ஆனால் தூரம் எட்டாது. வேறு வழியில்லாமல் வால்ஷ் மைதானத்தின் 53 யார்டு சொச்சம் அகலத்தைக் கையில் எடுத்தார். பந்தைப் பிடிக்க ஐந்து பேர் குறுக்கே பரவினால் ஒருவராவது காலி இடத்தில் கிடைப்பார். 1971-ல் கார்ட்டரின் பாஸ்களில் 62.2 சதவீதம் போய்ச் சேர்ந்தன, லீகில் முதலிடம்.

காப்பியடிப்பவர்கள் சறுக்குவது நேரக்கணக்கில். ஸ்லாண்டு என்ற குட்டைச் சாய்வு ஓட்டத்துக்குக் குவார்ட்டர்பேக் மூன்று காலடி பின்வாங்க வேண்டும்; பத்துப் பன்னிரண்டு யார்டில் திரும்பும் ஓட்டத்துக்கு ஐந்து. கடைசிக் காலடி ஊன்றியதும், பந்தைப் பிடிக்கும் ரிசீவர் திரும்பி முடிப்பதற்குள் பந்து கையை விட்டிருக்க வேண்டும். 'ஆள் காலியாகட்டும்' என்று அரை நொடி பொறுத்தால் அவரைக் காவல் காக்கும் எதிரணி கார்னர்பேக் குறுக்கே வந்துவிடுவார். பந்து முதுகுப் பக்கம் போனாலும் கேட்ச் ஆகலாம். ஆனால் ரிசீவர் நின்றுவிடுவார், பிடித்தபின் ஓடிச் சேர்க்கும் யார்டுகள் போச்சு. இந்த முறையின் வருமானமே அதுதான். முதல் ஆள் கிடைக்காமல் இரண்டாம் ஆளைப் பார்க்கும்போது கண் மட்டும் திரும்பினால் போதாது, பாதமும் திரும்ப வேண்டும். பலர் இதைத்தான் விடுகிறார்கள்.

அந்தத் தாளையும் வரிசை பிசகாமல் ஓட்டியதில்லை. மூன்றாம் டவுனுக்கும் (பத்து யார்டு சேர்க்கக் கிடைக்கும் நான்கு முயற்சிகளில் மூன்றாவது) கோல் லைன் பக்கத்துக்கும் வேறு பட்டியல் உண்டு. பதற்றமில்லாத நேரத்தில் முடிவெடுக்கவும், எந்த அணிவகுப்புக்கு டிஃபென்ஸ் எப்படி நகர்கிறது என்று வேவு பார்க்கவும்தான் அந்த 25.

பிரவுன் ஓய்வு பெற்றபோது பதவி பில் ஜான்சனுக்குப் போனது. வால்ஷ் சான் டியாகோ, ஸ்டான்ஃபோர்டு என்று சுற்றி 1979-ல் சான் பிரான்சிஸ்கோ ஃபார்ட்டி நைனர்ஸுக்கு வந்தார். முதல் சீசன் 2 வெற்றி, 14 தோல்வி. இரண்டே வருடத்தில் லீகின் இறுதிப் போட்டியான சூப்பர் பவுலில் வெற்றி. தோற்றது பெங்கால்ஸ், 26-21. 1989 ஜனவரியில் சூப்பர் பவுலில் மறுபடி அதே பெங்கால்ஸ், இம்முறை கோச் அவரிடமே வேலை பார்த்த சாம் வைச். மூன்று நிமிடம் சொச்சம் மிச்சம், போக வேண்டியது 92 யார்டு. குவார்ட்டர்பேக் ஜோ மொன்டானா கடைசியில் ஜான் டெய்லருக்கு 10 யார்டு பாஸ் போட்டபோது 34 நொடி பாக்கி. 20-16.

வால்ஷ் அத்தோடு விலகினார். அவசரப்பட்டுவிட்டார் என்பேன். அடுத்த வருடமே, அவர் இடத்துக்குக் கோச்சாக வந்த ஜார்ஜ் சீஃபர்ட் அதே அணியை வைத்துச் சூப்பர் பவுலில் டென்வரை 55-10 என்று நொறுக்கினார்.